எடை கழித்த வேகம்

ஆரணியில் கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்குவதை நாம் அறிவோம். எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கரைந்துபோகும். அதன் பின்னரே இழைக்கு மென்மையும் மினுமினுப்பும் வாய்க்கும். காரின் வரலாற்றிலும் இத்தகைய கழித்தல் உண்டு.

1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் குளிர்சாதனக் காரை அறிமுகம் செய்தது. குளிரூட்டும் கருவி பின்புறப் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. அதை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். பிற்காலத்தில் அதற்கு ஒரு பொத்தானே போதுமென்றாயிற்று. ஆனால் பொத்தானை அணைத்தால் எஞ்சினின் பாரம்தான் குறையும். கம்ப்ரஸர், கண்டென்சர், குழாய்களின் எடை வண்டியிலேயே இருக்கும். பந்தயக்காரர் அவற்றை அடியோடு கழற்றுவது அதனால்தான்.

தமிழகத்தில் இக்கலையின் பழைய களம் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்தியது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1980களின் இறுதியில், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். கூரையில்லை, கதவில்லை, குளிர்சாதனமுமில்லை. எளிய குடும்பக் காரின் எஞ்சின் பந்தயத்துக்குப் போதுமானதாயிற்று. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் இந்த ஃபார்முலா மாருதியைத்தான்.

எனினும் சேலைக்கு மிகையான அந்தப் பசைதான் கூட்டுக்குள்ளிருந்த புழுவுக்குக் காவல். சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு ஆரணிச் சாலையில் செல்பவருக்குக் குளிர்சாதனமும் அவ்வாறே. கழற்றுமுன் நாம் எங்கே, யாரோடு போகிறோம் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.