உருக்கும் சூடும்: கொல்லுலை முதல் நிக்கல் மீக்கலவை வரை

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த சித்தூர் வட்டத்தில் தமிழும் மலையாளமும் அன்றாடம் கலந்து புழங்குகின்றன. கார்பன் மிகுந்த எஃகுக்கு இரு மொழிகளிலும் ஒரே பெயர்: உருக்கு. ‘உருகு’ என்னும் தன்வினையின் பிறவினை வடிவமே பெயர்ச்சொல்லாக நின்றது. கன்னடத்தில் அது ‘உக்கு’. ஐரோப்பியர் எழுதிய ‘ஊட்ஸ்’ என்னும் வடிவம் இக்கன்னடச் சொல்லின் திரிபு என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். மூசையில் உருக்கியெடுத்த செய்தியைப் பெயர் காத்துவைத்தது. அதன்பின் எந்தச் சூட்டில், எவ்வளவு விரைவில் அடிக்கவேண்டும் என்பதைப் பற்றிப் பெயர் எதுவும் சொல்வதில்லை. உருக்கின் பிற்கால வரலாறு இந்த இடைவெளியில்தான் நிகழ்ந்தது.

கணவாயைக் கடந்து கிழக்கே கரூருக்குச் சென்ற பழைய பெருவழியில், நொய்யலின் வடகரையில் உள்ளது கொடுமணல். 1985 முதல் அங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உலைகளும் மூசைகள் வைத்த உலையின் எச்சங்களும் கிடைத்தன. திருவண்ணாமலைப் பகுதியின் மேல்சிறுவளூரில் மூசை உருக்கு செய்த இடத்தை சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994-இல் வெளியிட்டார். செய்முறை 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் உள்ளது. தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் எருக்கிலை போன்ற பச்சிலைகளையும் களிமண் மூசையில் இட்டு, வாயை அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சினர். தழையின் கார்பன் இரும்பில் ஏறியது. கார்பன் ஏற ஏற இரும்பின் உருகுநிலை தாழ்ந்தது. ஏறக்குறைய 1.2 முதல் 2 விழுக்காடு வரை கார்பன் கொண்ட கட்டி கிடைத்தது.

இக்கட்டிகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனைச் சென்றடைந்தன. ஜார்ஜ் பியர்சன் 1795-இல் ராயல் சொசைட்டியில் தம் ஆய்வுரையை வெளியிட்டார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-இல் உருக்கைப் பகுப்பாய்வு செய்தார். அடுத்து ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இரும்பிலும் எஃகிலும் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றைக் கலந்து பார்த்தார். விண்கல் இரும்பைப் போலச் செய்ய நிக்கலும் கலக்கப்பட்டது. அவர்கள் எழுப்பிய கேள்வி ‘இதில் என்ன கலந்திருக்கிறது?’ என்பது. கொல்லுப்பட்டறையின் கேள்வியோ வேறு. கார்பன் குறைந்த இரும்பை வெண்சூட்டில் அடித்துப் பழகிய ஐரோப்பியக் கொல்லர் உருக்கையும் அவ்வாறே காய்ச்சி அடித்தபோது அது சம்மட்டியின் கீழ் நொறுங்கியது.

காரணம் இன்று தெளிவு. இவ்வளவு கார்பன் உள்ள எஃகில், ஏறத்தாழ 1150 பாகையைத் தாண்டினால் படிகமணிகளின் எல்லைகளில் உருகல் தொடங்கிவிடும். எல்லை இளகிய உலோகம் அடி தாங்காது. செஞ்சூட்டிலோ சிமெண்டைட் என்னும் கடினமான இரும்புக் கார்பைடு முழுவதும் கரைவதில்லை. அடிக்க அடிக்க அது நுண்துகள்களாக உடைந்து, மணிகளின் எல்லைகளை நகரவிடாமல் பிடித்து, அவை பருக்காமல் காக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓலெக் ஷெர்பியும் அவருடன் பணியாற்றியோரும் 1970-களில், நுண்மணிகள் கொண்ட இத்தகைய எஃகு தக்க வெப்பத்தில் மெல்ல இழுக்கப்பட்டால் முறியாமல் நெடிது நீள்வதைக் காட்டினர். நொறுங்கும் உலோகம், நீளும் உலோகம் இரண்டும் ஒரே பொருள்தான். வேறுபட்டவை சூடும் விரைவும்.

ஜெட் விமானப் பொறிக்காக நிக்கல் மீக்கலவைகள் உருவானபோது அதே சிக்கல் பேருருவில் திரும்பியது. செஞ்சூட்டிலும் உருமாறாதிருக்கவே இவை படைக்கப்பட்டவை. ஆயினும் வட்டுகளாக அடித்தெடுக்கும்போது மட்டும் அவை உருமாறியாக வேண்டும். அடியின்கீழ் படிகத்தினுள் இடப்பெயர்வுகள் என்னும் கோட்டுப் பிழைகள் பெருகுகின்றன. நிக்கலில் இவை எளிதில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. சேர்ந்த ஆற்றல் ஒரு வரம்பைக் கடந்ததும், பழைய மணிகளின் எல்லைகளில் பிழை குறைந்த புதிய மணிகள் முளைத்துப் பழையவற்றை விழுங்குகின்றன. இதுவே இயங்குநிலை மீள்படிகமாதல். வெப்பம் குறைந்தோ விரைவு மிகுந்தோ போனால் உருமாற்றம் ஒடுங்கிய பட்டைகளில் குவிந்து பிளவுறும். வெப்பம் மிகுந்தால் மணிகள் பருத்து வட்டின் களைப்பு வலிமை குன்றும்.

இந்த இடைப்பட்ட வெளியை வரைபடமாக்கிய பணியில் இந்தியாவுக்குச் சிறப்பான பங்கு உண்டு. ஒய். வி. ஆர். கே. பிரசாத், துரைவேலு உள்ளிட்டோர் 1984-இல் வெளியிட்ட கட்டுரை ‘செயலாக்க வரைபடம்’ என்னும் கருத்துக்கு அடித்தளமிட்டது. ஓர் அச்சில் வெப்பம், மற்றதில் உருமாறும் விரைவு. உலோகம் தன் உள்ளமைப்பைச் செம்மையாகப் புதுப்பித்துக்கொள்ளும் பகுதிகளும் நிலைகுலையும் பகுதிகளும் அதில் பிரிந்து தெரியும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என். சீனிவாசனும் பிரசாத்தும் இன்கோனல் 718 கலவைக்கு வரைந்த படம் 1994-இல் வெளிவந்தது. மீள்படிகமாதலுக்கு இரண்டு பகுதிகள் தெரிந்தன. ஒன்று 950 பாகையில், நொடிக்கு 0.001 என்னும் மிக மெதுவான விரைவில். மற்றொன்று 1200 பாகையில், நொடிக்கு 0.1 விரைவில். முதற்பகுதியில் மணிகளை நுண்மையாக வைப்பது நிக்கலும் நியோபியமும் சேர்ந்த டெல்டா துகள்கள். உருக்கில் சிமெண்டைட் ஆற்றிய பணிக்கு இது நெருங்கிய உறவு.

இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. கொல்லர் மீள்படிகமாதலை அறிந்திருந்தார் என்பது வரலாறு ஆகாது. அவர் அறிந்தது நெருப்பின் நிறம், அடியின் ஓசை, மீண்டும் உலைக்குள் இடவேண்டிய தருணம். அந்த அறிவு செல்லுபடியானது என்பதற்கு எஞ்சிய வாள்களே சான்று. மலிவான ஆங்கில எஃகு வந்து உலைகள் அணைந்தபோது அதை ஏந்திய கைகளும் பட்டறையை விட்டு அகன்றன. ஆய்வகங்கள் கட்டியின் வேதியியலை எடைபோட்டுக் குறித்தன. அடிக்கும் சூட்டை அவ்வாறு அளந்து குறித்தவர் அரிது. பிற்காலத்தார் அதைச் சோதனைகளால் மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

இன்றைய பட்டறைகளுக்கும் இது பொருந்தும். ஒரு கலவையின் விழுக்காடுகளை அச்சிட்ட பட்டியலில் வாங்கிவிடலாம். அதை எந்தச் சூட்டில், எத்தனை முறை, எவ்வளவு மெதுவாக அழுத்துவது என்பதை எந்த நாடும் எளிதில் விற்பதில்லை. செய்வோர் தம் கையறிவை எழுதிவைக்காவிட்டால், சொல் மட்டும் எஞ்சி வினை மறையும். ‘உருக்கு’ என்னும் சொல்லுக்கு அதுவே நேர்ந்தது.