கேஸ் அடுப்பு நம்ம அடுப்படிக்கு வந்த கதை

பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் சிவப்பு சிலிண்டர் ஒன்று நிற்கிறது. "கேஸ் தீந்து போச்சு, புக் பண்ணணும்" என்பது "உப்பு தீந்து போச்சு" மாதிரி சாதாரணப் பேச்சாகிவிட்டது. ஆனால் கிராமத்து அடுப்படியில் இதன் வயது ரொம்பக் குறைவு. தன் வீட்டுக்கு முதல் சிலிண்டர் வந்த நாளை நினைவு வைத்திருக்கும் பெண்கள் பலர் இப்போதும் அதே அடுப்படியில் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விறகு அடுப்பை எப்படிக் கையாள்வது என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு அறிவு இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. பாட்டி செய்ததை அம்மா பார்த்தாள், அம்மா செய்ததைப் பெண் பார்த்தாள். கேஸ் வந்தபோது அந்த அறிவில் பாதி தேவையில்லாமல் போனது. மீதியில் ஒரு பங்கு ஆபத்தாகவே மாறிப்போனது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

விறகு அடுப்பு சொல்லிக்கொடுத்தது

பழைய அடுப்பு தரையோடு தரையாக மண்ணால் போட்டது. பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது, அந்த வெக்கையிலேயே கொடியடுப்பில் குழம்பு சுண்டும். எரிப்பதற்குச் சவுக்கு மிளார், முந்திரிக் கட்டை, வேலிக்காத்தான், தென்னை மட்டை, வறட்டி. எது கிடைக்கிறதோ அது. மண் வேலையில் நம்ம பகுதி பேர் போனது, வில்லியனூர் சுடுமண் வேலைக்கு இன்று புவிசார் குறியீடே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் மண் அடுப்பு பூசுவது பெண்களுக்குக் கைவந்த கலையாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்த அடுப்புக்குச் சில விதிகள் உண்டு. காற்று அடிக்கக் கூடாது, அடித்தால் தீ அலையும், பொறி பறக்கும். அதனால் அடுப்படிக்கு ஜன்னல் சின்னதாக இருக்கும், சில வீடுகளில் இருக்கவே இருக்காது. நாளைக்கான விறகை அடுப்புப் பக்கத்திலேயே அடுக்கினால்தான் ஈரம் போகும். ராத்திரி தணலைச் சாம்பலில் மூடி வைத்தால் காலையில் தீப்பெட்டி வேண்டாம். ஆபத்து எங்கிருந்து வரும்? மேலே இருந்து. கூரை கீற்று அல்லது வைக்கோல், பொறி மேலே போனால் வீடே போச்சு. அதனால் கண் எப்போதும் மேலேதான் இருக்கும்.

அந்தப் பயம் நியாயமானது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவு சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொன்றதை நாம் மறக்க முடியாது.

தீ மட்டும் இல்லை, புகையும் ஒரு எமன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகக் கிராம வீடுகளில் சமையல் புகையை அளந்து, 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆய்வுகள் வெளியிட்டார்கள். விறகு எரிக்கும் வீட்டில் சமைப்பவர் சுவாசிக்கும் நுண்துகள் மற்றவர்களைவிட மிக அதிகம் என்று அவை காட்டின. "அந்தக் காலத்து விறகு அடுப்புச் சமையல் போல வருமா" என்று ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

நடுவில் வந்த ஸ்டவ்

விறகுக்கும் கேஸுக்கும் நடுவில் மண்ணெண்ணெய் ஒரு ஆட்சி செய்தது. 1892ல் ஸ்வீடனைச் சேர்ந்த லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்தான் நம்ம ஊர் பம்ப் ஸ்டவ்வுக்கு முன்னோடி. பிறகு திரி ஸ்டவ் வந்தது. இந்தியன் ஆயில் ஆய்வுக்கூடம் 1970களில் வடிவமைத்த நூதன் ஸ்டவ்வைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கும்.

அந்த நாட்களில் "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்பது செய்தித்தாளில் அடிக்கடி வந்த வரி. சில நிஜமாகவே விபத்து. சில கொலை. வரதட்சணைக்காக மருமகளை எரித்துவிட்டு ஸ்டவ் மேல் பழி போட்டது நாடு முழுக்க நடந்தது. திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் தீக்காயத்தாலோ இயற்கைக்கு மாறாகவோ இறந்து, அதற்கு முன் வரதட்சணைக் கொடுமை இருந்திருந்தால் அது வரதட்சணை மரணம் என்று சொல்லும் 304-பி பிரிவு 1986ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டதன் பின்னணி இதுதான். அடுப்பு வரலாறு என்று தேடிப் போனால் இந்த இடத்தைத் தாண்டாமல் போக முடியாது.

குழாயிலிருந்து சிலிண்டருக்கு

கேஸ் அடுப்பு ரொம்பப் பழைய கண்டுபிடிப்பு. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஷார்ப் என்பவர் 1826லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அன்று எரிந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு, குழாய் வழியாக வந்தது. கல்கத்தா தெருவிளக்குகள் 1857ல் அப்படித்தான் எரிந்தன. குழாய் என்றால் நகரம்தான். பாகூர் ஏரிக்கரைக்கு யார் குழாய் போடுவார்கள்?

கிராமத்துக்கு வரவேண்டும் என்றால் வாயு பாட்டிலில் அடைபட வேண்டும். அமெரிக்காவில் வால்டர் ஸ்நெல்லிங் என்ற வேதியியலாளர், பெட்ரோலிலிருந்து ஆவியாகி வீணாகும் பகுதியை ஆராய்ந்து, புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களைத் திரவமாக்கும் வழியைக் கண்டார். 1913ல் காப்புரிமை. அழுத்தம் கொடுத்தால் திரவம், திறந்துவிட்டால் வாயு. ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். இந்த ஒரு குணத்தால்தான் 14.2 கிலோவில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சமைக்க முடிகிறது.

இந்தியாவில் 1950களின் நடுவில் பர்மா ஷெல் கம்பெனி பம்பாயில் இதை விற்கத் தொடங்கியது. ஏறக்குறைய அதே நேரம்தான், 1954 நவம்பர் 1ல், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1965 அக்டோபரில் இந்தியன் ஆயிலின் இண்டேன் கல்கத்தாவில் முதல் இணைப்பைக் கொடுத்தது. 1970களில் எஸ்ஸோ கம்பெனி ஹிந்துஸ்தான் பெட்ரோலியமாகவும், பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியமாகவும் ஆயின. இன்று சிலிண்டரில் நாம் பார்க்கும் மூன்று பெயர்களும் அப்போது வந்து சேர்ந்தவை.

ஆனாலும் ரொம்ப காலம் கேஸ் என்பது டவுன் வீட்டுச் சமாச்சாரம். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். எம்.பி. கோட்டாவில் இணைப்பு வாங்கித் தருவது ஒரு பெரிய உபகாரமாக இருந்தது. கிராமத்துக்கு அலை வந்தது 2000க்குப் பிறகுதான். 2006 தேர்தல் வாக்குறுதிப்படி தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. நம்ம கொம்யூன்களின் எல்லைதான் உங்களுக்குத் தெரியுமே, ஒரு வாய்க்காலைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், இன்னொரு பக்கம் திரும்பினால் விழுப்புரம். அந்தப் பக்கத்து அக்கா வீட்டில் கேஸ் வந்தால் இந்தப் பக்கத்துத் தங்கை வீட்டில் பேச்சு எழாமல் இருக்குமா? 2016 மே 1ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. மண்ணெண்ணெய் ஒதுக்கீடே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. 2023 பட்ஜெட்டில் புதுச்சேரி அரசு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் அறிவித்தது.

இணைப்பு வந்தது, அடுப்பு வந்தது, மானியமும் வந்தது. அடுப்படி மட்டும் பல வீடுகளில் பழையபடியே நின்றது. சின்ன ஜன்னல், தாழ்ந்த கூரை, தரையில் அடுப்பு.

புகை மேலே, கேஸ் கீழே

சிக்கல் இங்கேதான். புகையும் பொறியும் மேலே போகும். சமையல் கேஸ் காற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம், அதனால் கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் பரவிப் பள்ளத்தில் தங்கும். மேலே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தெரியாது. காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

இதை வைத்துப் பழைய விதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காற்று வரக்கூடாது என்று அடைத்த அடுப்படி, கேஸுக்குச் சரியான பொறி. கதவு, ஜன்னல் வேண்டும், தரையை ஒட்டிக் காற்றுப் போக வழி இருந்தால் இன்னும் நல்லது. தரையில் உட்கார்ந்து சமைத்த பழக்கத்தில் கேஸ் அடுப்பையும் கீழேயே வைத்தால் தீ இருக்கும் இடமும் கேஸ் தங்கும் இடமும் ஒன்றாகிவிடும். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில், மேடையில் இருக்க வேண்டும், சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்படி மாடத்தில் விளக்கு ஏற்றுகிற வழக்கம், மழைக்காலத்தில் அதே அறையில் ஒரு மூலையில் விறகு அடுப்பையும் எரிப்பது, இரண்டும் சிலிண்டர் இருக்கும் அறைக்கு ஆகாது.

ஊதாங்குழலையும் சொல்ல வேண்டும். தீ மங்கினால் காற்று ஊதுவோம். கேஸ் பர்னரில் அந்த வேலையை அதன் கழுத்திலுள்ள துளை தானே செய்கிறது, கேஸ் பாயும் வேகத்தில் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தீ நீலமாக எரிந்தால் காற்று சரியாகக் கலக்கிறது. மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பால் பொங்கி வழிந்த பர்னரை ஆறவிட்டுக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் மஞ்சள் போகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம்

கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. நாம் முகரும் அந்த அழுகல் நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்ப்பதால் வருவது. 1937 மார்ச் 18ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியது. வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகுதான் வாசனை சேர்க்கச் சட்டம் வந்து, அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. நம்ம மூக்கில் ஏறும் நாற்றத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரெகுலேட்டர்: சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் அடுப்புக்குத் தேவையானதைப்போல 100 மடங்குக்கும் மேல். அதை அடக்கி அனுப்புவது இந்தச் சின்னப் பொருள்தான். ராத்திரி படுக்கும் முன் அடுப்புத் திருகை மட்டும் மூடினால் போதாது, ரெகுலேட்டரையும் மூடுங்கள்.

டியூப்: பழைய பச்சை ரப்பர் டியூப்பை எலி கடிக்கும், வெடிப்பு விடும். இப்போது வரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பின் உள்ளே கம்பி வலை உண்டு. அதற்கும் ஆயுள் 5 வருஷம்தான், தேதி அதன் மேலேயே இருக்கும்.

சிலிண்டர் கழுத்துப் பட்டையில் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் வருஷம். அது உள்ளே இருக்கும் கேஸின் காலாவதி தேதி இல்லை, சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய காலம். அது தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். சீல் உடையாமல் இருக்கிறதா, வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கொண்டு வருபவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். கசிவு பார்க்க சோப்பு நுரை போதும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம்.

யாரிடம் சொல்ல வேண்டும்

விறகு அடுப்பு அறிவு பார்த்துப் பார்த்தே வந்தது. கேஸ் அறிவு அப்படி வராது, காரணம் கசிவைக் கண்ணால் பார்க்க முடியாது. வாயால் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். இணைப்பு யார் பேரில் இருந்தாலும், பகலில் வீட்டில் தனியாக இருப்பது பெரும்பாலும் வயதானவர்கள். வயதாக ஆக மூக்கின் கூர்மையும் குறையும். ஏஜென்சிக்காரர் இணைப்பு கொடுத்த அன்று விளக்கியதை யாரோ ஒருவர் கேட்டிருப்பார், அடுப்பு பற்றவைக்கும் மாமியாரோ பள்ளிவிட்டு வரும் பெண்ணோ கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நாலே விஷயம். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலுமே பொறி வரும். எரிகிற தீ, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து ரெகுலேட்டரை மூடு. கதவு ஜன்னலைத் திற. எல்லாரும் வெளியே வந்து, தள்ளி நின்று 1906க்கு போன் பண்ணு. இந்த எண்ணைச் சுண்ணாம்பிலோ பெயிண்டிலோ வாசல் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள். சிலிண்டர் பக்கத்தில் எழுதினால், தேவைப்படுகிற நேரத்தில் அங்கே போய்ப் படிக்க முடியாது.