தெற்கு டகோட்டா கருக்கலைப்புத் தடைச் சட்ட வாக்கெடுப்பு, 2006

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், தாயின் உயிரைக் காக்க மட்டுமே விலக்களித்த கருக்கலைப்புத் தடைச் சட்டத்தில் ஆளுநர் மைக் ரவுண்ட்ஸ் 2006 மார்ச்சில் கையொப்பமிட்டார். வன்புணர்வால் உண்டான கருவுக்கும் அதில் விலக்கு இல்லை. கருக்கலைப்பு உரிமையை ஏற்ற 1973ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மாற்றச் செய்வதே சட்டத்தை ஆதரித்தோரின் நோக்கம்.

எதிர்ப்பாளர்கள் வாக்காளரை நாடினர். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்கு விடும் உரிமையை 1898இலேயே முதலில் ஏற்ற அமெரிக்க மாநிலம் இதுவே. தேவைப்பட்டவை ஏறத்தாழ 16,700 கையொப்பங்கள்; திரட்டப்பட்டவை 37,000க்கும் மேல். இதனால் சட்டம் நடைமுறைக்கு வராமல் நின்றது. நவம்பர் 7 அன்று ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் அதை நிராகரித்தனர்.

எனினும், அத்தீர்ப்பு நீங்கினால் தடை வரும் என்ற 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருந்தது. 2022இல் தீர்ப்பு நீங்கியதும் அது உயிர்பெற்றது.