சங்கத்துக்கு ஒரு செயலி: தொடங்குமுன் தீர்க்க வேண்டியவை

தமிழ்ப் பள்ளியோ, ஊர்ச் சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ, செயலி ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழாத பொதுக்கூட்டம் இப்போது குறைவு. கணினி படித்த பிள்ளை ஒருவர் இலவசமாகச் செய்து தருகிறேன் என்று முன்வருவார். ஆறு மாதத்தில் செயலி வந்தும் விடும். மூன்றாவது வருடம் அவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போய்விட, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று செயற்குழு தேடத் தொடங்கும். ஆகவே நிறம், சின்னம் பற்றிப் பேசுமுன் அது யார் பெயரில் இருக்கப் போகிறது என்பதைத் தீர்க்க வேண்டும்.

ஐபோனுக்கான செயலியை வெளியிட அப்பிளின் மேம்பாட்டாளர் கணக்கு வேண்டும். வருடக் கட்டணம் 99 அமெரிக்க டொலர். அதைக் கட்டாமல் விட்டால் செயலி கடையிலிருந்து மறைந்துவிடும். கூகிளுக்கு ஒரே முறை 25 டொலர். இரண்டிலும் தனியாள் கணக்கு, நிறுவனக் கணக்கு என இரு வகை உண்டு. தனியாள் கணக்கு உடனே கிடைப்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். ஆனால் கடையில் சங்கத்தின் பெயர் அல்ல, அந்த ஆளின் பெயரே தெரியும். 2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் திறந்த கூகிள் தனியாள் கணக்கென்றால், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாட்கள் தொடர்ந்து சோதித்த பிறகே பொதுவில் வெளியிட விடுவார்கள்.

நிறுவனக் கணக்குக்குச் சங்கம் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். டன் அன்ட் பிராட்ஸ்ட்ரீட் வழங்கும் டன்ஸ் எண்ணும் தேவை. இந்த எண் இலவசம். பதிவுப் பத்திரத்தில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் சங்கங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பதிவுபெற்ற தொண்டு அமைப்பாக இருந்தால், குறிப்பிட்ட சில நாடுகளில் அப்பிள் வருடக் கட்டணத்தை விலக்கித் தருகிறது. கேட்டுப் பார்க்கலாம். கணக்கைத் திறக்கும் மின்னஞ்சல் சங்கத்தின் முகவரியாக இருக்கட்டும். உறுதிப்படுத்தும் எண் வந்து சேரும் தொலைபேசி செயலாளர் மாறும்போது அவரோடு போய்விடக் கூடாது.

உண்மையில் செயலி வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். விழாத் திகதியும் நிர்வாகிகள் படமும் மட்டும்தான் என்றால் இணையத்தளம் போதும். இணையத்தளத்தையே செயலிபோலப் பொதிந்து அனுப்பினால் அப்பிள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். சனிக்கிழமைப் பள்ளிக்கு வீட்டுப்பாடத்தை ஆசிரியரின் குரலில், இணையம் இல்லாத இடத்திலும் பிள்ளை கேட்கும் வசதி, வரவு அறிவித்தல் என்ற இரண்டு மட்டும் முதற்பதிப்பில் இருந்தாலே நிறைவு. குழு கூடும் ஒவ்வொரு முறையும் ஒரு வசதி கூடும். அதை எழுதி வைத்து இரண்டாம் பதிப்புக்குத் தள்ளுங்கள்.

ஃபிளட்டர் அல்லது ரியாக்ட் நேட்டிவ் கொண்டு ஒரே நிரலில் அன்ட்ரொயிட், ஐபோன் இரண்டுக்கும் செய்யலாம். ஐபோன் பதிப்பை உருவாக்க மேக் கணினி தேவைப்படும். பத்துப் பெற்றோரிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள். அதில் பழைய தொலைபேசி வைத்திருக்கும் ஓர் அம்மம்மா கட்டாயம் இருக்கட்டும்.

தமிழுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. பள்ளிகளின் பழைய பாடங்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றி ஒருவர் சரிபார்க்கும் வேலையே பல கிழமைகளை எடுக்கும். எழுத்து விளையாட்டு வைப்பதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள். நிரலாளர் தமிழ் வாசிக்காதவரானால், பிள்ளை சரியாகச் சொன்ன விடையைச் செயலி பிழை என்று சொல்லும்.

தகவல் பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐரோப்பாவின் தரவுச் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. சிறிய சங்கத்துக்கும் பொருந்தும். பிள்ளை நேரடியாகப் பயன்படுத்தும் இணையச் சேவையில் தன் தரவுக்குத் தானே ஒப்புதல் கொடுக்கும் வயது ஜேர்மனியில் 16, பிரித்தானியாவில் 13. அதற்குக் கீழே பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். கணக்குத் திறக்க விடும் செயலி, அதை உள்ளேயே அழிக்கவும் விட வேண்டும் என்பது 2022 ஜூன் 30 முதல் அப்பிளின் விதி. சட்டத்துக்கு அப்பாலும் நமக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெயர், ஊர், இங்குள்ள முகவரி, கொடுத்த நன்கொடை எல்லாம் ஒரே பட்டியலில் இருந்து அது வெளியே போனால், பாதிப்பு விளம்பர அழைப்புகளோடு நின்றுவிடாது. ஊரில் இன்னும் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேண்டாததைக் கேட்காதீர்கள், கேட்காத தகவல் கசியாது. வகுப்பு அறிவித்தலுக்குப் பிறந்த ஊர் எதற்கு?

வெளியிட்ட பிறகும் செலவு நிற்காது. புதிய அன்ட்ரொயிட் பதிப்புக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பிக்கும்படி கூகிள் ஒவ்வொரு வருடமும் கேட்கிறது. செய்யாவிட்டால் புதிய தொலைபேசி வாங்கியவர்களுக்கு அது கடையில் தெரியாமல் போகும். வழங்கிக் கட்டணத்தோடு வருடத்துக்குச் சில நாள் வேலைக்கான பணத்தையும் வரவுசெலவுத் திட்டத்தில் போட்டு வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள நிறுவனத்திடம் கொடுப்பவர்கள், நிரலின் உரிமை சங்கத்துக்கு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். எழுதி வாங்காவிட்டால் பல நாடுகளின் சட்டப்படி உரிமை எழுதியவரிடமே தங்கும். நிரல் தொடக்க நாள் முதலே சங்கத்தின் கிட்ஹப் கணக்கில் இருக்கட்டும். கடைசித் தவணையைக் கொடுக்குமுன், அந்தக் கணக்கிலிருந்து நிரலை எடுத்து, செய்தவர் அல்லாத இன்னொருவர் வேறொரு கணினியில் செயலியை உருவாக்கிக் காட்டட்டும். அது ஓடினால் பணத்தைக் கொடுக்கலாம்.