சாமையும் படிக்கட்டும்: எடை குறையும்போது தசையைக் காப்பது பற்றிக் கொல்லிமலையிலிருந்து ஒரு பார்வை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் விளையும் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இன்று நகரத்துக் கடைகளில் எடை குறைக்கும் உணவாக விற்கப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபின் இந்த நம்பிக்கை மேலும் பரவியது. சிறுதானியத்துக்கு மாறியவரின் எடை குறையவும் கூடும். ஆனால் குறைந்தது கொழுப்பா, தசையா என்று யாரும் கேட்பதில்லை. உணவை மட்டும் குறைத்து இளைப்பவர் இழக்கும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு, தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத திசு என்பது பல ஆய்வுகளின் பொதுவான முடிவு. தானியத்தை மாற்றுவதால் மட்டும் இந்த இழப்பு நிற்காது. கொல்லிமலையின் பழைய வேளாண்மையில் தானியத்தோடு பயறும் உழைப்பும் சேர்ந்திருந்தன. அந்த மூன்றும் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தியருக்குத் தசை இழப்பு கூடுதல் கேடு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3. ஆனால் யாக்னிக்கின் உடலில் கொழுப்பு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1 சதவீதம். 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த இந்த ஒப்பீடு, ஒல்லியாகத் தோன்றும் இந்திய உடலில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருப்பதை உலகுக்குக் காட்டியது. உண்ட சர்க்கரையை உள்வாங்குவதில் தசைக்கு முக்கியப் பங்கு உண்டு. முன்பே குறைவாக உள்ள தசையையும் இழந்து இளைத்தால் நீரிழிவுக்கு எதிரான காப்பு மெலியும்.

சிறுதானியம் தசையைக் காக்குமா? 100 கிராம் சாமையில் சுமார் 10 கிராம் புரதம் உண்டு, தினையில் 12. கேழ்வரகில் ஏறக்குறைய 7 கிராம்தான். வெள்ளை அரிசியில் உள்ளதைவிட இது சற்றுக் குறைவு. கேழ்வரகின் பெருமை அதன் சுண்ணாம்புச் சத்திலும் நார்ச்சத்திலும் உள்ளது. 70 கிலோ எடையுள்ளவர் தசையை இழக்காமல் இளைக்க, கிலோவுக்கு 1.2 கிராம் என்ற கணக்கில், நாளுக்கு 84 கிராம் புரதம் வேண்டும். அதைச் சாமையிலிருந்து மட்டும் பெற 840 கிராம் சாமை தேவை. அதில் உள்ள கலோரி ஏறத்தாழ 2,900. அவ்வளவு உண்டு யாரும் இளைக்க முடியாது.

மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் கொல்லிமலையின் சரிவுகளில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை எனப் பல நாட்டுவகைகளைக் காத்து வந்துள்ளனர். அவற்றோடு அவரையும் துவரையும் கலந்து விதைத்தனர். தானியத்தில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. பிறகு சேகோ ஆலைகளின் தேவைக்காக மரவள்ளி பரவியது. பச்சைக் கிழங்கு 100 கிராமில் புரதம் ஒரு கிராம் அளவே. தானியம் சுருங்கியபோது, அதனோடு வளர்ந்த பயறும் வயலைவிட்டு அகன்றது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கு சிறுதானியத்தை மீட்கப் பாடுபட்டு வருகிறது. மீட்புப் பணியில் பயறுக்கும் சம இடம் வேண்டும்.

நாமக்கல் முட்டைக்குப் பெயர்பெற்ற ஊர். 150 கிராம் சாமை, 100 கிராம் கொள்ளு அல்லது மொச்சை, மூன்று முட்டை, 100 கிராம் கோழிக்கறி, ஒரு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி நிலக்கடலை ஆகியவற்றைக் கூட்டினால் புரதம் 85 கிராமைத் தாண்டும். கலோரி 1,500-ஐ ஒட்டியே நிற்கும். சைவ உணவினர் கறிக்கும் முட்டைக்கும் பதிலாகச் சோயாவையும் பன்னீரையும் கொள்ளலாம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

புரதம் மட்டும் போதாது. தசைக்கு வேலையும் வேண்டும். 65 வயதைக் கடந்த, உடல் பருமனுள்ள 160 பேரிடம் அமெரிக்காவில் 26 வாரம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பயிற்சி செய்த மூன்று குழுக்களிலும் எடை சுமார் 9 சதவீதம் குறைந்தது. நடை போன்ற ஏரோபிக் பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத திசுவில் 5 சதவீதத்தை இழந்தனர். பளு தூக்கியவர்கள் இழந்தது 2 சதவீதமே. இரண்டையும் செய்தவர்களின் இழப்பு 3 சதவீதம். உடல் செயல்திறன் மிகுதியாகக் கூடியதும் அவர்களுக்குத்தான்.

கொல்லிமலையின் அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. ஏறுவதே பயிற்சி, இறங்குவது ஓய்வு என்று பலரும் எண்ணுகின்றனர். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. தசையை வளர்க்க இது வலிமையான தூண்டுதல். பருமனுள்ள முதிய பெண்களிடம் 12 வாரம் நடந்த தைவான் ஆய்வில், படி இறங்கியவர்களுக்குத் தொடை வலிமை 34 சதவீதமும், ஏறியவர்களுக்கு 15 சதவீதமும் கூடியது. பழக்கமில்லாதவர்கள் முதலில் சில மாடிகளோடு தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

இது பழைய கடும் உழைப்பைப் போற்றும் வாதம் அன்று. உரலில் சாமை குத்தி மலைப் பெண்கள் பட்ட பாட்டை அரைவை எந்திரம் குறைத்தது. அது குறைய வேண்டிய பாடே. உழைப்பு விலகிய இடத்தில், வாரம் இரண்டு மூன்று முறை அளவான வலுப் பயிற்சி வர வேண்டும். நகரவாசிக்கும் மலைவாசிக்கும் இது பொருந்தும்.

எடை குறைப்பு ஆலோசனை தரும் ஒவ்வொரு மருத்துவமனையும் உடற்பயிற்சிக் கூடமும் எடையோடு தசையையும் அளக்க வேண்டும். ஆசிய நாடுகளுக்கென 2019-இல் வகுத்த வரையறைப்படி, கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலோ தசைக் குறைவை ஐயுற வேண்டும். இதற்கு ஒரு நாடாவும் கடிகாரமும் போதும். கொல்லிமலையின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சென்னையின் பெரிய மருத்துவமனையிலும் இதை நாளையே தொடங்கலாம், தொடங்க வேண்டும்.