கம்பி வலையில் சிக்கிய விண்மீன்

கோவிந்த் ஸ்வரூப் 1970இல் நம் ஊட்டி மலைச்சரிவிலேயே 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி அமைத்தார். சரிவின் சாய்வு ஊட்டியின் அட்சரேகைக்குச் சமம். ஒரே அச்சில் திருப்பினால் விண்மீனைப் பல மணி நேரம் தொடரலாம்.

அதே சிக்கனத்தில் பிறகு புனே அருகே 45 மீட்டர் அகலக் கிண்ணங்கள் 30 எழுப்பினார். தகட்டுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி வலை. காற்று ஊடுருவிப் போகும், பாரமும் செலவும் குறைவு.

மாண்ட விண்மீனின் எச்சம் பல்சார். சுழலும்போது கலங்கரை விளக்கம்போல் ரேடியோ அலை வீசும். லட்சக்கணக்கான விண்மீன்கள் நெருங்கிய உருண்டைக் கொத்துகளில், துணை விண்மீனின் பொருளை இழுத்து அதிவேகமாகச் சுழல்பவை அதிகம். என்ஜிசி 1851 கொத்தின் முதல் பல்சாரை 2004இல் அறிவித்தது அந்த வலைக் கிண்ணங்கள்தான். வினாடிக்கு 200 சுழற்சி!

தை மாத இரவில் அனந்தபுரத்தில் தெற்கே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது; திசை அதுதான்.