உரோமானிய வெள்ளிக் காசுகளில் தெய்வ உருவங்களும் ஆட்சியுரிமையும்

உரோமானியக் காசுகளில் காணப்படும் தெய்வ உருவங்களைச் சமய நம்பிக்கைக்குரிய சான்றுகளாக மட்டும் கொள்வதுண்டு. வெளியிட்டோரின் அதிகார நிலையோடு இணைத்து நோக்கின் அவை அரசியல் ஆவணங்களாகவும் விளங்குகின்றன. தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசைக் கொண்டு இக்கட்டுரை இக்கருத்தை ஆராய்கிறது.

கார்த்தேஜுடன் நிகழ்ந்த இரண்டாம் பியூனிக் போரின்போது, ஏறத்தாழ கி.மு. 211இல், தெனாரியஸ் வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் சுமார் 4.5 கிராம் எடையுடைய இக்காசின் முன்புறத்தில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவியும், பின்புறத்தில் குதிரைமீது விரையும் இரட்டையரான காஸ்டர், போலக்ஸ் ஆகியோரும் இடம்பெற்றனர். அவர்களுக்குக் கீழே ‘ரோமா’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டது. இந்நிலையில் தெய்வம் நாட்டுக்குரியது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நாணயச்சாலை அலுவலர்கள் தம் குலப்பெருமையைக் காசுகளில் பொறிக்கத் தொடங்கினர். கி.மு. 82இல் காயஸ் மாமிலியஸ் லிமெட்டானஸ் வெளியிட்ட காசின் முன்புறத்தில் மெர்க்குரியும், பின்புறத்தில் நாடு திரும்பிய யுலிசஸும் அவனை அடையாளம் காணும் நாயும் உள்ளனர். மாமிலியர் குடி யுலிசஸைத் தம் முன்னோனாகவும், மெர்க்குரியை யுலிசஸின் முன்னோராகவும் கொண்டது. நாட்டுத் தெய்வத்தின் இடத்தைக் குடியின் தெய்வம் பெற்றது.

ஜூலியஸ் சீசர் கி.மு. 47-46 அளவில் வெளியிட்ட காசில் ஒருபுறம் வீனஸும், மறுபுறம் தந்தையைத் தோளில் சுமந்துசெல்லும் ஈனியஸும் காணப்படுகின்றனர். வீனஸின் மகனான ஈனியஸின் வழிவந்தது ஜூலியர் குடி என்பது சீசரின் உரிமைகோரல். கி.மு. 44இல் சீசரின் உருவமே முன்புறத்தில் இடம்பெற, வீனஸ் பின்புறத்திற்குச் சென்றாள்.

கொங்குப் பகுதிப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்துள்ள டைபீரியஸ் (கி.பி. 14-37) காசுகளில் இம்மாற்றம் மேலும் வலுப்பெறுகிறது. முன்புறப் பொறிப்பு அவரைத் தெய்வநிலை எய்திய அகஸ்டஸின் மகன் எனச் சுட்டுகிறது. பின்புறத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்துள்ள பெண்ணை அவர் தாய் லிவியா என்பர். அமைதித் தெய்வமான பாக்ஸ் என்பாரும் உளர். தெய்வமோ, அரசனின் தாயோ என ஐயுறுமாறு உருவம் அமைந்திருப்பதே ஈண்டு கருதத்தக்கது.

எனவே இப்புதையல்களைப் பதிவுசெய்வோர் பேரரசரின் பெயர், எடை, எண்ணிக்கை ஆகியவற்றோடு நின்றுவிடலாகாது. பின்புற உருவத்தையும் பொறிப்பையும் உடன் பதிதல் வேண்டும். அவை விடுபடின் கடல் கடந்த வணிகத்திற்கான சான்று எஞ்சும். அக்காசை வெளியிட்ட அரசு தன்னைப் பற்றிக் கூறிக்கொண்ட செய்தி மறையும்.